நடுகல்லும் ஆட்டக்காயும்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகையின் கரையை ஒட்டி, புலிமான்கோம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டுதலில், அவ்வூரில் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்களே உள்ளன. கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்டுபோன பேடு தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்பது அவற்றின் பொருள். வாளேந்திய உருவமோ, குதிரையோ, வீரனை ஏந்திச் செல்லும் தேவமாதரோ அதில் இல்லை. பிற்காலத்து நடுகற்களில் நாம் காணும் அந்த அலங்காரங்களெல்லாம் தோன்றுவதற்கு முந்திய கல் அது. ஊர், பேர், நிகழ்ச்சி ஆகிய இம்மூன்றும் போதும் என்று அக்காலத்தார் எண்ணியிருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர் கொள்கிறார்கள். எந்த நூற்றாண்டு என்பதில்தான் அபிப்பிராய பேதம். ‘ஆகோள்’ என்னும் அதே சொல் தொல்காப்பியப் புறத்திணையியலிலும், வெட்சித் துறைகளைச் சொல்லுமிடத்தில், வருகிறது. இலக்கணம் செய்த புலவனும் உளி பிடித்த கல்தச்சனும் ஒரே சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள் என்பதைக் காணும்போது, புறப்பாடல்களெல்லாம் வெறும் கற்பனைச் சம்பிரதாயம் என்று சொல்லிவந்தவர்களின் வாதம் தானாகவே தளர்ந்துபோகிறது.

இந்தக் கல்லைப் பற்றி நான் மீண்டும் நினைக்கும்படி நேர்ந்தது ஒரு விளையாட்டினால். என் தமக்கையின் பேரன் மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் கணினிப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது, அவனும் ஆடுகிறான். அன்று மாலை அவன் ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் படையை நடத்திக்கொண்டிருந்தான். எதிரே நின்றவர்களுக்குத் ‘திராவிடர்’ என்று பெயர். 2022ஆம் ஆண்டில் அவ்விளையாட்டின் விரிவாக்கமாக வெளிவந்த இந்திய அரசவம்சங்களின் தொகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். முதலாம் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் அதில் ஒரு கதைத்தொடராக வருகின்றன. அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவன் பொறுமையோடு விளக்கம் சொன்னான். “கோத்தைக் கடைசிவரைக்கும் விட்டு வச்சா அவ்வளவுதான் தாத்தா. வெட்ட வெட்ட முளைச்சுக்கிட்டே இருப்பாய்ங்க.”

அவன் சொன்னது விளையாட்டின் விதிப்படி முற்றிலும் உண்மை. கோத்தியரின் காலாட்படைக்கு விலை குறைவு. இறுதிக் கட்டத்தில் அவர்களுடைய பாசறைகள் இரு மடங்கு வேகத்தில் வீரர்களை ஈன்று தள்ளும். ஆனால் அவர்களால் கல்மதில் எழுப்ப முடியாது. அவர்களுக்கென்று உள்ள விசேஷ வீரனுக்கு ‘ஹஸ்கார்ல்’ என்று பெயர். அம்பு அவனை அவ்வளவாகத் தைக்காது. திராவிடர் பக்கத்தில் சுருள்வாள் வீசும் வீரன் இருக்கிறான். உருக்கின் சிறப்பால் அவர்களுடைய ஆயுதம் எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. இவற்றையெல்லாம் வகுத்தவர்கள் நூல்களைப் புரட்டியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. தென்னாட்டு உருக்கு மேற்குலகில் கீர்த்தி பெற்றிருந்தது மெய்தான். ஆனால் ஹஸ்கார்ல் என்பது ஸ்காண்டிநேவிய மன்னரின் மெய்க்காவலரைக் குறித்த சொல்; 11ஆம் நூற்றாண்டில் வழங்கிய அதை 4ஆம் நூற்றாண்டுக் கோத்தியனுக்குச் சூட்டுவது எழுநூறு ஆண்டுகளை ஒரே தாவலில் கடப்பதாகும். சுருள்வாளோ களரியிலும் சிலம்பக் கூடத்திலும் பயின்ற தனிமனித வித்தை. நம் புறப்பாடல்களின் களத்தில் மின்னுபவை வேலும் வாளும் வில்லுமே. இப்படிப் பிழை கண்டுகொண்டே போவது எளிது. விளையாட்டை அதற்காகக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. வடஐரோப்பாவின் காட்டுவாசிகளைப் பற்றி அறியும் ஆவலை ஒரு மதுரை இளைஞனின் உள்ளத்தில் அது எழுப்பியிருக்கிறதே, அதுவே பெரிய காரியம். என் மனத்தைத் தொட்டது வேறொன்று. வெட்டுண்ட வீரன் திரையில் சிறிது நேரம் கிடந்து, பிறகு மண்ணோடு மண்ணாகக் கரைந்து போகிறான். அவன் இடத்தில் அவனைப் போலவே, பெயரில்லாத, இன்னொருவன் வருகிறான். ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காய்க்குப் பிறகு கதை கிடையாது. சரித்திரத்தில், குறிப்பாக இந்த வைகைக் கரையின் சரித்திரத்தில், அந்தவனைப் போல் வெட்டுண்டவனே எஞ்சி நிற்கிறான்.

பழைய ஜெர்மானிய வீரனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவன் சொன்னது அன்று. அவனுடைய பகைவர் சொன்னது. ரோமானியச் சரித்திர ஆசிரியரான டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஜெர்மானியரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வாள் அவர்களிடம் அரிது, குறுகிய கூரிய முனையுடைய ஈட்டியே பொது ஆயுதம், கேடயத்தைக் களத்தில் போட்டுவிட்டு ஓடிவருவதைவிட இழிவு வேறில்லை என்று அவர் எழுதுகிறார். தலைவன் ஒருவனைச் சூழ்ந்து நிற்கும் இளைஞர் கூட்டத்தைப் பற்றி அவர் தரும் வர்ணனையைப் படிக்கும் தமிழன், தன் வீட்டுப் பழைய ஓலையை யாரோ வெளிநாட்டார் வாசிப்பதைக் கேட்பது போன்ற ஓர் உணர்ச்சியை அடையாமல் இருக்க முடியாது. தலைவன் வீழ்ந்த களத்திலிருந்து தான் உயிரோடு திரும்புவது வாழ்நாள் முழுதும் நீங்காத பழி. தலைவன் வெற்றிக்காகப் போரிடுகிறான், மற்றவர் தலைவனுக்காகப் போரிடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் என்பது இல்லை, தாராளமான விருந்தும், போர்க்குதிரையும், வெற்றி கண்ட ஈட்டியுமே கைம்மாறு. இவற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாதலால் தலைவன் ஓயாமல் கொள்ளைக்கும் போருக்கும் புறப்பட வேண்டியவனாகிறான்.

நம் புறத்திணை இலக்கணத்தில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயரே உண்டு. கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிடுவது பாதீடு; வெற்றிக்குப் பின் கள்ளுண்டு களிப்பது உண்டாட்டு; உண்ட சோற்றின் கடனுக்காக உயிரையே பலியாக இடுவது அவிப்பலி. பாதீட்டில் வாளெடுத்தவனுக்கு மட்டுமன்றி, ஒற்றறிந்து வந்தவனுக்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு உண்டு என்று புறப்பொருள் வெண்பாமாலை உரைக்கிறது. போரின் பொருளாதாரம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதை இத்தனை துல்லியமாகத் துறை வகுத்து வைத்த சமூகம் வேறு உண்டா என்று எனக்கு ஐயம். இரண்டு நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் வாதிக்கவில்லை. மாடே செல்வமாக இருந்து, நாணயம் அரிதாக இருந்து, ஈகையினாலேயே தலைமை நிலைபெற வேண்டியிருந்த எந்தச் சமுதாயத்திலும் இத்தகைய பிணைப்பு உண்டாவது இயல்பு என்றே கருதுகிறேன். செல்வம் என்ற பொருளில் ‘மாடு’ என்ற சொல்லைத் தமிழும், கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பணத்துக்குப் பெயரை லத்தீனும் பெற்றிருப்பது ஒரே அனுபவத்தின் இரண்டு சாட்சியங்கள்.

கணினியின் களத்தில் இந்தப் பிணைப்புக்கு இடமில்லை. அங்கே உணவும் பொன்னும் கொடுத்தால் வீரன் பிறக்கிறான். அதன்பின் அவனுக்குத் தலைவனிடம் கேட்க எதுவுமில்லை. ஆனால் புறநானூற்று வீரனும் டாசிட்டஸின் வீரனும் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். கொடுக்கத் தவறிய தலைவனை விட்டு அவர்கள் நீங்கிவிடுவார்கள். பாடிப் பரிசில் பெறாத புலவன் அவனைப் பழித்துவிட்டுப் போவான்.

மகளிரைப் பற்றிய பகுதியில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. ஜெர்மானியரின் தாயரும் மனைவியரும் போர்க்களத்துக்கு அருகிலேயே இருந்தனர் என்றும், புண்களை எண்ணிப் பார்க்கவும் அவர்கள் அஞ்சியதில்லை என்றும், சரியத் தொடங்கிய அணிகளை அவர்களுடைய மன்றாட்டே மீண்டும் நிலைநிறுத்தியதாகச் சொல்லப்படுகிறது என்றும் டாசிட்டஸ் எழுதினார். 2004ஆம் ஆண்டில் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ என்னும் விளையாட்டு, அந்த வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, கூக்குரலிடும் பெண்கள் என்று ஒரு தனிப் படைப்பிரிவையே உண்டாக்கிவிட்டது. புண்ணை எண்ணிய தாய், எதிரியை அச்சுறுத்தும் கருவியாக மாறிப்போனாள். நம்மிடம் ஒக்கூர் மாசாத்தியார் இருக்கிறார். அவருடைய ஊர் சிவகங்கைச் சீமையின் ஒக்கூர் என்பது வழிவழி வரும் கொள்கை. தந்தையையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த ஒருத்தி, மீண்டும் பறை கேட்டதும், ஒரே மகனான சிறுவனுக்கு வெள்ளாடை உடுத்தித் தலைக்கு எண்ணெய் தடவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புவதை அவர் பாடியிருக்கிறார். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாயோ, மகன் புறமுதுகிட்டு இறந்தான் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு, பிணக்குவியலைப் புரட்டிக்கொண்டு களமெங்கும் அலைகிறாள். இவற்றை வீரத்தின் புகழ்ச்சி என்றே பள்ளியில் நமக்குக் கற்பித்தார்கள். வயது ஏற ஏற, இப்பாடல்களை அவ்வளவு சுலபமாகப் புகழ்ச்சி என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அந்தச் சிறுவனின் தலையில் தடவிய எண்ணெயை ஒரு பெண் புலவர் ஏன் மறக்காமல் குறித்தார் என்ற கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது.

ஜெர்மானியரின் மிகப் பெரிய வெற்றி கி.பி. 9ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. குவின்க்டிலியஸ் வாரஸ் என்னும் ரோமானியத் தளபதி, 17, 18, 19 என்னும் எண்களையுடைய மூன்று லீஜியன்களோடு, அதாவது பெரும் படைப்பிரிவுகளோடு, டியூட்டோபர்க் காட்டுப் பகுதியில் சிக்கி அழிந்தான். அவனைச் சிக்கவைத்த அர்மீனியஸ் கெருஸ்கி என்னும் குடியின் தலைவன். ரோமானியப் படையிலேயே பயின்று, ரோமானியக் குடியுரிமையும் உயர்குலப் பட்டமும் பெற்றவன். வாரஸின் மேசையில் உணவருந்தியவன். 1987ஆம் ஆண்டில் டோனி கிளன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி உலோகம் காட்டும் கருவியோடு தேடியபோது கால்க்ரீஸ் என்னுமிடத்தில் நாணயங்களும் கவண் குண்டுகளும் கிடைத்தன. அங்கே தொடர்ந்து நடந்த அகழாய்வினால் போரின் இடம் ஒருவாறு புலனாயிற்று. ஒரு புறம் சதுப்பு, மறுபுறம் குன்று, இடையில் குறுகிய வழி. அணிவகுத்து நின்றால்தான் வெல்லக்கூடிய படையை அணிவகுக்க இடமில்லாத நிலத்துக்கு இழுத்து வந்ததே அர்மீனியஸின் யுக்தி. விளையாட்டுகள் சித்தரிக்கும் மூர்க்க வெறியனுக்கும் இந்தக் கணக்கிட்ட நிதானத்துக்கும் வெகுதூரம்.

அந்தப் போரில் மாண்டவர்களுள் மார்க்கஸ் கேலியஸ் என்னும் அதிகாரி ஒருவன். அவனுக்கு அவனுடைய சகோதரன் எடுத்த நினைவுக்கல் ரைன் நதிக்கரையில் உள்ள சான்டன் நகரத்தருகே 17ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. பதக்கங்கள் அணிந்த உருவம், பதினெட்டாம் லீஜியன், வயது 53, வாரஸின் போரில் மாண்டான், எலும்புகள் கிடைத்தால் இங்கே இடலாம் என்ற செய்தி ஆகியவை அக்கல்லில் உள்ளன. எலும்பு கிடைக்கவில்லை என்பதே அந்தக் கடைசிச் செய்தியின் பொருள். நம் தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளை வகுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ரோமானியச் சகோதரனின் துயரம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் வென்ற ஜெர்மானியர் பக்கத்தில் மாண்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. ஒருவனுடைய பெயரும் அங்கே பொறிக்கப்படவில்லை. எழுத்தில்லாத வெற்றிக்கு ஊமை நிலை நேர்கிறது. உலகத்தின் பெரிய சாம்ராஜ்யமொன்றைத் தடுத்து நிறுத்திய அந்தக் காட்டு மக்களில் ஒரு சாதாரணப் போர்வீரன் பெயரும் நமக்குத் தெரியாமலிருக்க, சில மாடுகளுக்காக நடந்த பூசலில் செத்த அந்தவனின் பெயர் தெரிகிறது. இதை நினைக்குந்தோறும், புலிமான்கோம்பையில் அந்த எழுத்தை வெட்டிய, பேர் தெரியாத கல்தச்சனிடம் எனக்கு நன்றியுணர்ச்சி பெருகுகிறது.

பேர் தெரியாதவர்களுக்குப் பிற்காலத்தார் பேர் கொடுத்துவிடுகிறார்கள், அதில்தான் ஆபத்து. அர்மீனியஸ் கி.பி. 21ஆம் ஆண்டளவில் தன் சுற்றத்தாராலேயே கொல்லப்பட்டான். 16ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹெர்மன்’ என்று புதுப்பெயர் பெற்ற அவன், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தேசியத்தின் மூலபுருஷனாக உயர்ந்தான். டெட்மோல்டுக்கு அருகில் வாளை உயர்த்தி நிற்கும் அவனுடைய மாபெரும் சிலை 1875ஆம் ஆண்டில் முடிவுற்றது. டாசிட்டஸின் நூலோ கலப்பில்லாத தூய இனம் என்ற சித்தாந்தத்துக்கு வேதமாயிற்று. நாஜித் தலைவன் ஹிம்லரின் ஆட்கள் 1943ஆம் ஆண்டில் இத்தாலியில் அதன் பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடி ஒரு மாளிகையையே அலசினார்கள். ஜெர்மனிக்குப் போனதாகச் சான்றில்லாத ஒரு ரோமானியர், தம் நகரத்தாரின் ஒழுக்கக்கேட்டைச் சுட்டிக்காட்டும் உள்நோக்கத்தோடு தீட்டிய சித்திரம், 1,800 ஆண்டுகள் கழித்து ஒரு ஜனசமூகத்தின் பிறவிக் குணமாக நிலைநாட்டப்பட்டது.

இது தூரதேசத்துக் கதை என்று நாம் ஆறுதல் அடைய வழியில்லை. சங்கப் பாடல்களில் ‘மறவர்’ என்பது வீரரைக் குறிக்கும் சொல். மறம் உடையவர் என்பதே அதன் பொருள்; அது குடிப்பெயரானது பிற்காலத்தில். ஆங்கில ஆட்சியில் இந்நாட்டு மக்கள் போர்க்குடிகள் என்றும் அல்லாதவர் என்றும் பிரிக்கப்பட்டார்கள். அதே மனப்பான்மையின் மறுபக்கமாகச் சில குடிகள் பிறப்பிலேயே குற்றப் பரம்பரையினர் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் முத்திரை குத்தியது. 1911ஆம் ஆண்டில் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுரைக்கு மேற்கே கள்ளர் நாட்டில் ஆடவரின் கைரேகையைப் பதிவுசெய்து இரவில் ஊரைவிட்டு நகரவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்ததற்காக, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரில் காவற்படை சுட்டதில் ஒரு பெண்ணும் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947ஆம் ஆண்டில். இன்ன குடியில் பிறந்தவன் இன்னது செய்வான், இன்னது அவனால் ஆகாது என்று விதி எழுதி வைப்பது விளையாட்டில் சுவை. கோத்தியனால் மதிலெழுப்ப முடியாது என்பது அந்த ஆட்டத்துக்குத் தேவையான ஒரு வரம்பு. அதே வகையான வாக்கியத்தை அரசாங்கம் எழுதியபோது எங்கள் மதுரைச் சீமை என்ன விலை கொடுத்தது என்பதை நான் மறக்க முடியாது. என் பேரனுக்கும் அதை எடுத்துச் சொன்னேன்; அவன் விளையாட்டை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

மெய்யான கோத்தியர் டான்யூப் நதியைக் கடந்து ரோமானிய எல்லைக்குள் புகுந்தது 376ஆம் ஆண்டில். ஹூணருக்கு அஞ்சி, மனைவி மக்களோடும் வண்டிகளோடும் அடைக்கலம் தேடி வந்த அகதிகள் அவர்கள். பசியில் வாடிய அவர்களுக்கு ரோமானிய அதிகாரிகள் நாய்களை உணவாகக் கொடுத்து, நாய் ஒன்றுக்கு ஓர் அடிமை என்ற கணக்கில் ஆட்களை வாங்கிக்கொண்டதாகவும், அவர்களுள் தலைவர்களின் மக்களும் இருந்ததாகவும், அக்காலத்து ரோமானியச் சரித்திர ஆசிரியரான அம்மியானஸே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 378ஆம் ஆண்டில், ஆட்ரியானோப்பிள் களத்தில் அந்த அகதிகளின் கூட்டம் வண்டிகளை வட்டமாக நிறுத்தி அதையே கோட்டையாக்கிக்கொண்டு போரிட்டது. வேலன்ஸ் சக்கரவர்த்தி அப்போரில் மாண்டான். பின்னர் அலாரிக்கின் தலைமையில் அவர்கள் ரோமாபுரியை முற்றுகையிட்டு, 408ஆம் ஆண்டில் நகரத்தை விடுவதற்குக் கேட்டுப் பெற்ற பொருள்களில், 5,000 ராத்தல் பொன்னோடும் 30,000 ராத்தல் வெள்ளியோடும், 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகு விளைவது நம் மேற்கு மலைச்சரிவில். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க மாலுமி ஒருவரின் கடற்பயண நூல், மிளகு ஏற்றுமதியாகும் நெல்கிண்டா என்னும் துறைமுகம் பாண்டிய நாட்டைச் சேர்ந்தது என்று குறிக்கிறது. வைகை மணலில் 4, 5ஆம் நூற்றாண்டுகளின் ரோமானியச் செப்புக்காசுகள் இன்றளவும் கிடைத்து வந்திருக்கின்றன. என் பேரனின் திரையில் கோத்தியரும் திராவிடரும் வாளால் சந்தித்தார்கள். சரித்திரத்தில் அவர்கள் சந்தித்தது ஒரு மிளகு மூட்டையில்.

அந்நியப் போர்வீரரைக் காவலுக்கு அமர்த்தும் வழக்கம் இரண்டு பக்கத்திலும் இருந்ததையும் இங்கே சொல்லலாம். ரோமானியச் சக்கரவர்த்திகளின் மெய்க்காவலர், 68ஆம் ஆண்டில் கால்பா சக்கரவர்த்தி கலைக்கும்வரை, ஜெர்மானியரே. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர் காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த யவனருள் ஜெர்மானியரும் இருந்தனரா என்று கேட்பவர் உண்டு. அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை.

யுத்தம் என்பதை எந்த விளையாட்டாலும் காட்ட முடியாத ஒரு கோணத்திலிருந்து நமக்குக் காட்டியது நெடுநல்வாடை. அதன் தலைவன் தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. பாட்டில் அவன் பெயர் இல்லை, வேலில் சூட்டிய வேப்பந்தழை மட்டுமே அடையாளம். நள்ளிரவு, வாடை, தூறல். விளக்குகளின் சுடர் காற்றில் சாய்கிறது. சேற்றுத் தெருவில் சேணம் களையாத குதிரைகள் உடலைச் சிலிர்த்துத் துளியை உதறுகின்றன. உறங்காத அரசன் நழுவும் மேலாடையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை வாளேந்திய இளைஞன் ஒருவன் தோளில் வைத்தபடி, சிலரோடு மட்டும் புறப்பட்டு வருகிறான். படைத்தலைவன் முன்னே நடந்து, புண்பட்டுக் கிடக்கும் வீரரை ஒவ்வொருவராகக் காட்டிச் செல்கிறான். 188 அடிகளில் அமைந்த அந்தப் பாட்டின் முடிவு அது. வெற்றியைப் பாட அங்கே புலவர் நிற்கவில்லை.

இந்த இரு மக்களும் ஆட்டம் ஆடத் தெரியாதவர்கள் அல்லர். மது அருந்தாத நேரத்தில், மெய்யான காரியத்தைச் செய்வதுபோல், ஜெர்மானியர் பகடை உருட்டினார்கள். எல்லாவற்றையும் இழந்தபின் தம் சுதந்திரத்தையே கடைசி உருட்டலில் பணயம் வைத்தார்கள். தோற்றவன் வலிமையுடையவனாயினும் கட்டுண்டு அடிமையானான் என்று டாசிட்டஸ் வியக்கிறார். பாரதம் படித்த நமக்கு வியப்பு சற்றுக் குறைவு. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ரோமானியரின் போர்ப்பலகை ஆட்டத்தில் காய்களுக்குக் கூலிப்படையாளரென்றும் கொள்ளைக்காரரென்றும் இருபொருள்படும் பெயர். வடநாட்டு ஜெர்மானிய வழியினர் பிற்காலத்தில் ஆடிய ‘டாஃப்ல்’ என்னும் ஆட்டத்தில் நடுவே அரசனும் சிறு காவற்படையும், சுற்றிலும் இரு மடங்கு பகைவரும் நிற்பார்கள். தாவரவியல் மேதை லின்னேயஸ் 1732ஆம் ஆண்டில் லாப்லாந்துப் பிரயாணத்தின்போது அதன் ஒரு வகையைக் கண்டு தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டம் அது. நம்முடைய ஆடுபுலி ஆட்டமும் அப்படியே. மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது, நெருங்கி நின்று புலியின் வழியை அடைப்பதே அதற்குள்ள ஒரே உபாயம். கோவில் மண்டபத்துக் கல்தளங்களிலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் அந்தக் கட்டத்தைக் கீறி வைத்த பாமரர், கால்க்ரீஸ் சதுப்பின் பாடத்தை நூலில்லாமலே அறிந்திருந்தார்கள்.

மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும், சுட்டமண்ணால் ஆன ஆட்டக்காய்களும், தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் கூம்பு கூம்பாக நிற்கும் அந்தக் காய்களைப் பார்த்தபோது, சங்க காலத்தார் வல்லாட்டத்தின் காய்க்கு இட்டிருந்த பெயர் நினைவுக்கு வந்தது. ‘நாய்’ என்பது அதன் பெயர். பண்டைய கிரேக்கரும் தங்கள் போர்ப்பலகை ஆட்டத்தின் காயை நாய் என்ற சொல்லாலேயே அழைத்தார்கள் என்று 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் பொலக்ஸ் எழுதுகிறார். இந்த ஒற்றுமைக்குக் காரணம் தேட நான் துணியவில்லை. டான்யூப் கரையில் ஒரு நாய்க்கு ஒரு மனிதன் என்று நடந்த பேரம் மட்டும், கேளாமலே, மனத்தில் வந்து நின்றது.

அந்தச் சொல் வருமிடம் புறநானூற்றின் 52ஆம் பாட்டு. பாடியவர் மருதன் இளநாகனார்; பாடப்பட்டவன் பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி. வேட்டைக்கு எழுந்த புலியைப்போல் அவன் வடபுலத்து அரசர்மேல் சென்றால் அந்நாடுகள் என்ன ஆகும் என்பதைப் புலவர் சொல்கிறார். பலியிடுவாரில்லாமல் பாழடைந்த பொதுமன்றம். அதன் தரையில், நரைத்த முதியவர்கள் நாள்தோறும் நாயை இட்டு இட்டு ஆடியதால் ஏற்பட்ட குழிகள். ஆடியவர்கள் இல்லை. காட்டுக்கோழி வந்து அந்தக் குழிகள் நிறைய முட்டையிட்டிருக்கிறது.